சந்தனம் பூசிய டயர்

எங்கள் வீட்டு வாசலில் அந்த வண்டி வந்து நின்ற அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து போகிற வேன் அது. சீட்டை எல்லாம் பிடுங்கிவிட்டு உள்ளே ரெண்டு படுக்கை, ஒரு குட்டி அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, கடைசியில் துணி அலமாரி அகலத்தில் ஒரு டாய்லெட். கோயம்புத்தூரில் யாரோ ஊர் சுற்ற ஆசைப்பட்டுச் செய்துவைத்து, பிறகு உடம்புக்கு முடியாமல் ஷெட்டிலேயே பல வருஷம் போட்டுவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தபோது ரெண்டு பக்கமும் ஆட்கள் வெளியே வந்தார்கள். சினிமா ஷூட்டிங்கா என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரிடம் தெலுங்கில் சொன்னது எனக்கும் புரிந்தது. இருக்கிற வீட்டைப் பெருக்கவே ஆள் இல்லை, இவர் இன்னொரு வீட்டை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள் என்றாள்.

அவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து அந்த டாய்லெட்டை எனக்குக் காட்டினார்.

"இந்தா பாரு. இனிமே நீ எங்க வேணாலும் வரலாம்லா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்தார்கள், பிறகு கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுக்கு வந்தால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. எப்போது வரும் என்றும் தெரியாது. டாக்டர் இது சில பேருக்கு இப்படி நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். ஒருதடவை பஸ்ஸில் நடந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். அன்றோடு பஸ், ரயில், கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் விட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குக்கூடப் போகவில்லை. வெளியே கேட்டவர்களுக்கு முட்டு வலி என்று சொல்லிவைத்தோம். ஊரே என் முட்டுக்குத் தைலம் சொல்லிக்கொடுத்தது.

ஒரே மகள், ஓசூரில் இருக்கிறாள். எங்கள் வாசலிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் முடிந்து மூன்று வருஷமாகியும் அவள் குடியிருக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. இப்போது சொந்தமாக ஒரு வீடு வாங்கி, கார்த்திகையில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தாள். போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அம்மா, நீ..." என்று ஆரம்பித்து, "சரி, அப்பாவ அனுப்பு" என்று முடித்துவிட்டாள். வா என்று என்னைக் கேட்கக்கூட அவளுக்குப் பயம். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எப்படியாவது அந்த நாளுக்குப் போய் நின்றுவிட வேண்டும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். வண்டி வந்தது அதற்கு அடுத்த வாரம்.

வந்த வண்டி சும்மா வரவில்லை, ஒவ்வொரு குறையாகக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. முதலில் தண்ணீர் பம்பு. சத்தம் மட்டும் போடும், தண்ணீர் ஏற்றாது. தண்ணீர் இல்லாத டாய்லெட் எனக்கு எதற்கு? திருச்செந்தூர் வரை ஒருதடவை போய்ப் பார்க்கலாம் என்று இருந்தோம், அது ரத்து. பம்பை மாற்றியதும் பேட்டரி மல்லாந்துவிட்டது. குற்றாலம் ரத்து. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "இன்னைக்கு வேணாம், இன்னொரு நாள் போவோம்" என்பார். எனக்குக் கோபம் வரும். வண்டி மேலா அவர் மேலா என்று தெரியாத கோபம்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுக ஆரம்பித்தது. இங்கே எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் நிறைய. எங்களுக்கும் எட்டுத் தறி இருக்கிறது. அவருக்குத் தறி, எனக்குச் செக்கிங் மேஜை. பிளீச்சிங் முடிந்து வருகிற துணியில் இழை அறுந்திருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டித் தண்ணீர்ப் பேசினில் போடுவேன். பத்து எண்ணுவதற்குள் அது தண்ணீரைக் குடித்து மூழ்க வேண்டும். மிதந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவேன். என் மேஜைக்குத் தறிக்காரர்கள் பயப்படுவார்கள், என் வீட்டுக்காரர் உட்பட.

அந்த மனுஷர் ஒழுகுகிற கூரையை எதை வைத்து அடைத்தார் தெரியுமா? எங்கள் துணியை வைத்து. நாலு மடிப்பு மடித்துப் பசை தடவி, மேலே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று ஒட்டிவிட்டு, இனி ஒரு சொட்டு இறங்காது என்றார். அடுத்த மழையில் ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. நாலடி தள்ளி என் தலையணை மேல் சொட்டியது. காலையிலிருந்து மதியம் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, எத வச்சு அடச்சிருக்கீங்க?"

"நம்ம துணிதான். நல்ல துணி."

"நம்ம துணிக்கு என்ன வேல?"

முப்பது வருஷமாகத் தண்ணீர் குடிப்பதற்கென்றே நெய்த துணியைக் கொண்டுபோய் மழைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்தால் எனக்கு ஆகாது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். திரும்பி வரும்போது அவர் சிரிக்கவில்லை. துணியைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார்.

பிறகு பட்டறைக்காரர் ஒருவர் வந்து தகரம் வைத்து அடைத்துக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. ஆனால் அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு குற வந்துச்சு, இத வித்துருவேன் பாத்துக்கோ. நான் மட்டும் போயி பால் காய்ச்சிட்டு வாரேன்."

அவர் சொன்னால் செய்கிறவர்.

பால் காய்ச்சுவது அடுத்த புதன்கிழமை. ஓசூருக்குக் கிளம்பும் முன் ஆண்டாளைக் கும்பிட்டு, மகளுக்குப் பால்கோவாவும் வாங்கி வர, வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். டயரைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. பார்க்க வருகிறவர்களை எல்லாம் குனியச் சொல்லி, "பட்டன் அப்படியே இருக்கு பாருங்க, தேயவே இல்ல" என்று காட்டுவார். ரோட்டில் படுகிற பக்கத்தில் அந்தப் பட்டன் வெட்டு இருந்தது வாஸ்தவம்தான். அதைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை.

நான் டயரின் பக்கவாட்டைத் தேய்த்துக் கழுவினேன். புழுதி போனதும், பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. நாலு டயரிலும் இருந்தது. இடது பின்பக்க டயரில் ஒரு வெடிப்புக்குள் நகத்தை விட முடிந்தது. அதை விரித்துப் பார்த்தேன். உள்ளே நூல் தெரிந்தது. ஒரு இழை அறுந்திருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிறவள் நான். நூல் தெரிகிற டயர் என்ன டயர் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சந்தனத்தை இன்னும் கெட்டியாகக் கரைத்தேன். வழக்கமாக ஒரு டயருக்கு மூன்று பொட்டு வைப்போம். நான் வெடிப்பு இருந்த இடமெல்லாம் விரலால் அழுத்தி அழுத்திப் பூசினேன். மேலே குங்குமம் வைத்தேன். ஓசூர் வரைக்கும் தாங்கினால் போதும், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். என் மேஜையில் தெரிந்தே பாஸ் ஆன ஒரே கோளாறுச் சரக்கு அதுதான்.

அவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன, கல்யாண வண்டி மாதிரி ஆக்கிட்ட?" என்றார். நல்லா இருக்கட்டுமே என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்த ரோட்டைப் பார்க்கிறேன். மேற்கே மலை முழுக்க மேகம். ரோட்டோரம் முளைத்திருந்த புதுக் கடைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் தேவையே இல்லாமல் எழுந்து போய் அந்த டாய்லெட்டில் ஒருதடவை உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஓடுகிற வண்டியில், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கென்று ஒரு இடம். சந்தோஷத்தில் அழுகை வந்தது. டயர் ஞாபகம் அந்த அரைமணி நேரத்தில் எனக்கு ஒருதடவைகூட வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார் வளாகத்தை நெருங்கும்போது டயர் வெடித்தது. பக்கத்தில் வேட்டுப் போட்ட மாதிரி சத்தம். வண்டி இடது பக்கம் சரிந்து இழுத்தது. அவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, மெதுவாகக் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்திவிட்டார். அடுப்பு மேடையிலிருந்து பாத்திரமெல்லாம் உருண்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்குப் பின்னால் யூனிபாரம் போட்ட ஒரு சின்னப் பிள்ளை. டயரிலிருந்து பிய்ந்த ரப்பர் பட்டை ஒன்று பறந்து போய் அவர்களுக்கு முன்னால் ரெண்டடி தூரத்தில் விழுந்திருந்தது. அந்தப் பெண் காலை ஊன்றி நின்றுகொண்டு என் வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"டயரப் பாத்து வண்டி எடுக்க மாட்டீகளா? எம்பிள்ள மேல விழுந்திருந்தா என்ன செய்வீக?"

அவர் ரெண்டு கையையும் கூப்பி, "தப்புத்தாம்மா, தப்புத்தாம்மா" என்றார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் தப்புக்கு அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி ஸ்டெப்னி மாட்ட ஒத்தாசைக்கு வந்தார். ஜாக்கியை வைத்துவிட்டு, "அக்கா, எறங்கிருங்க. உள்ள ஆள் இருந்தா வண்டி நழுவிரும்" என்றார். இறங்கினேன். வண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இறங்கி ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது, எனக்கு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜாக்கியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ரோட்டைப் பார்க்கிறார். கையில் ஸ்பேனரோடு அப்படியே விறைத்துப் போய் நின்றார். நான்கு வருஷமாக எந்த நிமிஷத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தேனோ, அதே நிமிஷம்.

எதிரே ஒரு வீட்டு வாசலில் என் வயசுப் பெண் ஒருத்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைத் தாண்டி அவள் முன்னால் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"ஏங்க, ஒங்க வீட்ல பாத்ரூம் போய்க்கிடட்டுமா? எனக்கு அடக்க முடியாது."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மடியிலிருந்த கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வாங்கக்கா, இதுக்குப் போயி கேட்டுக்கிட்டு. நேரா போங்க, வலது கைப் பக்கம். தாப்பா கொஞ்சம் இறுக்கமா இருக்கும், தூக்கிப் போடுங்க."

திரும்பி வந்தபோது ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியிடத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன். என்ன தோன்றியதோ, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோய், ஆபரேஷன், பஸ்ஸில் நடந்தது, நான்கு வருஷம். பெற்ற மகளிடம்கூட அத்தனையும் சொன்னதில்லை. அவள் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரவியளுக்கும் சுகரு. மதுரைக்குப் போகையில ரெண்டு தடவ பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுவாக. கண்டக்டர் வையத்தான் செய்வான். அதுக்காவ போவாம இருக்க முடியுமாக்கா?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் அந்தச் செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தேன்.

வண்டிக்குத் திரும்பியபோது அவர் ரோட்டில் கிடந்த ரப்பர் பட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தார். அதில் சந்தனம் அப்பியிருந்தது.

"இம்புட்டுச் சந்தனம் எதுக்கு?" என்றார்.

"வெடிப்பு இருந்துச்சு."

"தெரிஞ்சேவா பூசுன?"

"தெரிஞ்சேதான். சொன்னா போக வேணாம்னு சொல்லிருவீங்க."

"அந்தப் பிள்ள மேல பட்டிருந்தா?"

நான் ரோட்டை ரெண்டு பக்கமும் பார்த்தேன். அந்தப் பெண் திட்டிவிட்டுப் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. ஓடிப்போய் நான்தான் என்று சொல்லலாம் என்றால் அவள் எங்கே போனாளென்று யாருக்குத் தெரியும்?

ஸ்டெப்னியும் அதே வயசுதான் என்பதால் லாரி டிரைவர் எங்களை உருட்டிக்கொண்டு போகிற வேகத்தில் போகச் சொன்னார். அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைத் துடைத்துக் காட்டினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில் இருக்குமாம். இந்த டயர்களுக்கு எட்டு வயசு தாண்டியிருந்தது.

"பட்டனப் பாத்து ஏமாந்துட்டீங்க சார். இது ஓடிக் கெட்டது இல்ல, நின்னே கெட்டது" என்றார்.

எனக்கு அது என்னைச் சொன்ன மாதிரி இருந்தது. அந்த மனுஷர் அவர் பாட்டுக்கு டயரைச் சொன்னார். எதைக் கேட்டாலும் என் கதையாகவே எடுத்துக்கொள்கிற புத்தி எனக்கு.

ஐந்து டயரும் புதுசு போடச் சொல்லிவிட்டு, கடைக்கு வெளியே ரெண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். ஒவ்வொரு ரிப்பேரு வாரப்பவும் எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னுதான் இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை.

"வண்டிய வாங்கிட்டேன். எடுக்கத்தான் பயம். அன்னைக்கு பஸ்ல இருந்து எறங்குனப்ப ஒம்மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது. நான் பாத்தேன். இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. பம்பு போச்சு, பேட்டரி போச்சுன்னு எதாவது வந்தா, சரி, இன்னைக்குத் தப்பிச்சோம்னு இருக்கும்."

நான்கு வருஷமாக நான்தான் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷரும் என்கூடவே அடைந்து கிடந்திருக்கிறார். கோபமும் பாசமும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கடைவாசலில் அப்படிப் பிடித்தது அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும், ஆனால் கையை எடுக்கவில்லை.

"நான் அந்த வீட்ல போயிட்டு வந்துட்டேங்க" என்றேன்.

"என்ன சொல்லிக் கேட்ட?"

"உள்ளதச் சொல்லித்தான் கேட்டேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆச்சரியத்தை மறக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓசூருக்குக் கிளம்பினோம். திண்டுக்கல் தாண்டியதும் பம்பு மறுபடி நின்றுவிட்டது. அவர் ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஓட்டுங்க என்றேன். அதன் பிறகு ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டீக்கடை, கரூர்ப் பக்கம் ஒரு வீடு, சேலத்தில் ஒரு துணிக்கடை. டீக்கடையில் நான் வாய் திறப்பதற்குள் அவரே இறங்கிப் போய், "எங்க வீட்ல அவசரமா பாத்ரூம் போணும், ஆபரேஷன் பண்ண ஒடம்பு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்துவிட்டுத் தலை குனிந்து நின்றவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் இல்லை என்று சொன்னார்கள். அடுத்த இடத்தில் கேட்டோம்.

மறுநாள் காலையில் மகள் வீட்டில் கூட்டம். சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். மகள் என் பக்கத்தில், என் சேலை முந்தானையைச் சின்னப் பிள்ளை மாதிரி விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பாலில் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு வந்துவிட்டது. மகள் என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பைக் குறைக்கக் கை நீட்டினாள்.

"கொறைக்காத. நல்ல நேரம் போயிரும்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று சத்தமாகவே கேட்டுப் போனேன்.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வெளியே குலவைச் சத்தம் கேட்டது. மகள் ஓடி வந்து கதவைத் தட்டினாள்.

"அம்மா, பொங்கிருச்சும்மா! கெழக்கதாம்மா பொங்குச்சு!"

"கேட்டுச்சுட்டி, செத்த இரு, வாரேன்" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

வீடு முழுக்கச் சிரித்தது. அவள் சிரிப்பும் அவர் சிரிப்பும் அதில் தனியாகக் கேட்டன. நானும் உட்கார்ந்தபடியே சிரித்தேன். இப்படி ஒன்று நடந்துவிடக் கூடாதே என்றுதான் நான்கு வருஷம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தேன்.